தகடூர்: கல்லும் கதையும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் எழுத்தில் தரப்படுகிறது.)



என்னைப் பேச அழைத்தபோது, "அரை மணி நேரம் பேசுங்க, ஆனா பாடம் நடத்திடாதீங்க" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாற்று வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் கஷ்டமான கோரிக்கைதான். முடிந்தவரை முயற்சி செய்கிறேன். கொட்டாவி வந்தால் தாராளமாக விடலாம், வகுப்பில் பார்த்துப் பழகியதுதான்.

நமக்கு நாலு செட் பின்னால் படித்த தம்பி ஒருவர் வேலை விஷயமாக ஐரோப்பாவில் இருக்கிறார். விடுமுறைக்கு இத்தாலி நாட்டைச் சுற்றிவிட்டு வந்து, போட்டோக்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். ரோமாபுரி, வெனிஸ் எல்லாம் நாம் கேள்விப்பட்ட ஊர்கள்தான். அவர் காட்டியதில் என்னைப் பிடித்துக்கொண்டவை சின்னச் சின்ன ஊர்கள். சியன்னா என்று ஓர் ஊர். ரோம் நகரத்தை உண்டாக்கிய ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையரை ஓநாய் பால் கொடுத்து வளர்த்த கதை நமக்குத் தெரியும். அந்த ரீமஸுடைய பிள்ளைகள் செனியஸ், ஆஸ்கியஸ் என்று இரண்டு பேர், பெரியப்பாவுக்குப் பயந்து ஓடிவந்து கட்டிய ஊர்தான் சியன்னா என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கொள்கிறார்களாம். அதற்குச் சாட்சியாக ஊரில் தூணுக்குத் தூண் ஓநாய்ச் சிலை வைத்திருக்கிறார்கள். வரலாற்றுக்காரன் கேட்டால் ஆதாரம் இல்லை என்பான். ஊர்க்காரனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

வெரோனா என்று இன்னோர் ஊர். அங்கே ஜூலியட் வீடு என்று ஒரு பழைய வீடு. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருகிற ஜூலியட்தான். அவள் நின்று காதல் பேசிய மாடம் என்று உலகம் முழுவதிலிருந்தும் இளவட்டங்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த வீட்டை 1905-இல் நகராட்சி வாங்கியிருக்கிறது. மாடத்தைப் பின்னால் 1930-களின் கடைசியில்தான் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள்! கதைக்கு ஏற்ற மாதிரி கட்டடத்தையே திருத்திவிட்டார்கள். நம் தம்பியும் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

போட்டோக்களை எல்லாம் காட்டி முடித்துவிட்டு அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சார், ஒவ்வொரு ஊருக்கும் அங்க ஒரு கதை இருக்கு, ஒரு கல் இருக்கு. நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு? ஒகேனக்கல்ல குளிச்சிட்டு மீன் சாப்பிடறதை விட்டா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று இந்த மேடையில் சொல்கிறேன். அவரும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊருக்குப் பழைய பெயர் தகடூர். ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். எட்டாத மலை உச்சியில் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்ற கதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஔவை என்றதும் நம் கண்முன் யார் வருகிறார்? கே.பி. சுந்தராம்பாள்! நெற்றி நிறைய விபூதி, கையிலே கோல். 1953-இல் வந்த அந்தப் படம் நம் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது. அஞ்சியின் அவையில் இருந்த ஔவை அந்தப் பாட்டி அல்ல. ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். சங்க கால ஔவை ஆடிப்பாடும் விறலியர் குலத்தைச் சேர்ந்தவர், அரசனோடு கள் பகிர்ந்து குடித்தவர், நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். பல ஔவைகளைச் சேர்த்து ஒரே பாட்டியாக ஊர் ஆக்கிவிட்டது. சியன்னாவுக்கு ஓநாய் மாதிரி நமக்கு இந்தப் பாட்டி. இருக்கட்டும், தப்பில்லை.

ஆனால் உண்மையான ஔவை செய்த காரியம் ஒன்று நெல்லிக்கனிக் கதையைவிடச் சுவையானது. காஞ்சித் தொண்டைமானிடம் அஞ்சிக்காகத் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகத் திறந்து காட்டினான். எல்லா வேலும் நெய் பூசிப் பளபளவென்று, மயில் பீலி சூட்டி, காவலோடு இருந்தன. ஔவை பார்த்துவிட்டு, உன் வேல்கள் எல்லாம் எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசன் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று பாடிவிட்டு வந்தார். புகழ்ந்த மாதிரியும் இருக்கும், மிரட்டின மாதிரியும் இருக்கும். இந்தக் காலத்தில் வெளிநாட்டுத் துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைப் பாடமாக வைக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் அஞ்சியின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையே சொல்கிறார். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை வந்தது, அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில் ஆலை வந்தது. அந்த ஆலைகளுக்குக் கரும்பு வண்டி ஓட்டிப் படிக்க வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். அஞ்சி வீட்டுப் பயிரை ஏற்றிப் போகிறோம் என்று அப்போது யாருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை.

சரி, இதெல்லாம் பாட்டு. கவிஞர்கள் சொன்னது. ஆதாரம் உண்டா என்று வரலாற்று மாணவன் கேட்பான், கேட்க வேண்டும். அசோகச் சக்கரவர்த்தி தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் தன் எல்லைக்கு அப்பால் இருந்த தென்னாட்டு அரசுகளின் பெயரைச் சொல்கிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், கூடவே சத்தியபுத்திரர். முதல் மூவரைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் இல்லை. சத்தியபுத்திரர் யார்? இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் அறிஞர்கள் சண்டை போட்டார்கள். துளு நாடு என்றார் ஒருவர், சத்தியமங்கலம் என்றார் இன்னொருவர். நான் பி.ஏ. படித்தபோது இது பரீட்சையில் வருகிற கேள்வி. எல்லாக் கருத்தையும் எழுதிவிட்டு, "முடிவு காணப்படவில்லை" என்று முடித்தால் மார்க் கிடைக்கும்.

1981-இல் திருக்கோயிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற கிராமத்தில், குன்றில் உள்ள ஒரு குகையில், தமிழ் பிராமி எழுத்தில் ஒற்றை வரிக் கல்வெட்டு ஒன்றைத் தொல்லியல் துறை கண்டுபிடித்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். துறவிகள் தங்குவதற்குக் குகையில் இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறான். கி.பி. முதல் நூற்றாண்டு எழுத்து என்பது ஐராவதம் மகாதேவன் அவர்களின் கணிப்பு. அந்த ஒரு வரியால் நூறு வருஷச் சண்டை தீர்ந்தது. அசோகர் மரியாதையோடு பெயர் சொன்ன அரசு நம் தகடூர் அரசு! பாட்டில் வந்த அஞ்சி உண்மையில் வாழ்ந்த அஞ்சி! அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் ஒரு பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சந்தோஷம் வந்தது. சந்தோஷத்துக்குக் கீழே ஒரு முள்ளும் குத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அஞ்சியின் முடிவு சோகமானது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூர்க் கோட்டையை அழித்தான். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனி நூலே இருந்தது. முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டிய சில பாட்டுகளும் புறத்திரட்டில் சேர்த்தவையும் மட்டும் மிச்சம். ஓர் ஊருக்கு அதன் பெயரிலேயே ஒரு காவியம் இருந்து, அது தொலைந்தும் போயிருக்கிறது. இத்தாலிக்காரன் ஊரில் இப்படித் தொலைந்திருந்தால் இன்னும் தேடிக் கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

அஞ்சிக்குப் பிறகு இந்த ஊர் சும்மா இருக்கவில்லை. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சாளர், விசயநகரத்தார் என்று எல்லோரும் வந்து போனார்கள். இவர்களில் நுளம்பரைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. ஆந்திரத்தில் உள்ள ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டவர்கள், கல்லைத் தந்தம் போலச் செதுக்கியவர்கள். 893-இல் மகேந்திர நுளம்பன் காலத்தில் தகடூரில் வணிகர்கள் இருவர் சமணப் பள்ளி கட்டி வைத்த செய்தி கன்னடக் கல்வெட்டில் இருக்கிறது. நுளம்பர் தூண்களின் அழகு சோழர்களையும் மயக்கியிருக்கிறது. நுளம்ப நாட்டை வென்றபோது தூண்களையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். திருவையாற்றுக் கோயில் திருச்சுற்றில் அந்தத் தூண்களை இன்றும் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நம் சொந்தக்காரர்கள் மாதிரி.

நம் ஊர்க் கோட்டைக் கோயிலில் மல்லிகார்ச்சுனர் சன்னதி மண்டபத்தில் தொங்கும் தூண் இருக்கிறதே, அதைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. தூணின் அடிக்கும் தரைக்கும் நடுவே துணியை விட்டு இந்தப் பக்கம் இழுக்கலாம். அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும். பிரகாரம் சுற்றுகிற அவசரத்தில் யார் குனிகிறோம்? இராமாயணத்தை வண்ணத்தில் பார்க்க வேண்டும் என்றால் சேலம் ரோட்டில் அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். விதானம் முழுக்க ஓவியம். புகையும் கசிவும் தின்றது போக மிச்சம் இருப்பதே கழுத்து வலிக்கும் அளவுக்கு இருக்கிறது. பஸ்ஸில் பத்து நிமிஷப் பயணம். நமக்கு அந்த ஊர் என்றால் காலபைரவர் கோயில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது.

தீர்த்தமலைக் கதை தெரிந்ததுதான். இராமன் பூசைக்குத் தண்ணீர் இல்லாமல் அம்பு விட்டு வரவழைத்த தீர்த்தம் இன்னும் பாறையிலிருந்து கொட்டுகிறது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்து, 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டி, கட்டி முடிக்காமலே 1925 ஜூலை 23-இல் கண் மூடினார். அங்கே நினைவாலயம் எழும்ப 2021 ஆகிவிட்டது. இவை இரண்டுக்கும் தனித் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மேலே போகிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நடுகல்லைப் பற்றி.

தமிழ்நாட்டிலேயே நடுகல் அதிகம் உள்ள பகுதி என்றால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்தில் செங்கம் வட்டாரம். (1965-இல் நம் மாவட்டம் பிறந்தபோது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. 2004-இல்தான் தனிக்குடித்தனம் போனது.) ஏன் இங்கே அதிகம்? இது மாடு வளர்த்த காட்டு நாடு. நெல் வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். எனவே சண்டை என்றால் மாட்டுக்காகத்தான். மந்தையைக் கவரப் போய்ச் செத்தவனுக்குக் கல், மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல். புலியைக் குத்திச் செத்தவனுக்கு, பன்றியோடு மோதிச் செத்தவனுக்கு, எல்லோருக்கும் கல். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று தொல்காப்பியமே வரிசையாகச் சொல்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? ராஜாவுக்கு மெய்க்கீர்த்தி எழுதப் புலவர் இருக்கிறார். கோயில் கட்டினவன் பெயரைக் கோயில் சொல்லும். நடுகல்லில் இருக்கிறவன் சாதாரண ஆள். மாடு மேய்த்தவன், ஊர்க் காவல்காரன், யாரோ ஒருவருடைய சேவகன். கல்லில் முதலில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு என்று வரும். அப்புறம் ஊர்ப் பெயர், அவன் பெயர். "தொறு மீட்டுப் பட்டான்" என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்துப் போனான். அவ்வளவுதான். அலங்காரம் கிடையாது. 1,400 வருஷத்துக்கு முன் செத்த ஒரு மாட்டுக்காரனின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம்முடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாய்க்குக் கூட மரியாதை உண்டு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரன் தொறு மீட்டுச் செத்தான். அவனோடு இருந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் இருந்தது. நாயின் பெயர் கோவிவன். கல்லில் நாயின் உருவமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அடிபோட்ட ராஜாவின் காலத்தில் ஒரு நாயின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அஞ்சிக்கும் நடுகல்தான் நட்டார்கள். மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்த்துப் படைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கொஞ்சம் கள்ளையா வாங்கிக் கொள்ளப் போகிறான் என்று ஔவை அழுகிறார். அந்தக் கல் இன்று வரை கிடைக்கவில்லை.

இப்போது அந்த முள்ளுக்கு வருகிறேன். இதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

1978 கோடை. நான் இந்தக் கல்லூரியில் வரலாறு படித்துக் கொண்டிருந்தேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. கிணற்றில் தண்ணீர் வற்றி ஆட்களை வைத்து ஆழப்படுத்தினோம். கிணற்றோரம் அம்மா துணி துவைக்கிற கல் ஒன்று ரொம்பக் காலமாகக் கிடந்தது. அகலமான பலகைக் கல். மண் கொட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கடப்பாரை போட்டு ஆட்கள் அதைப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். இடது கையில் வில், வலது கையில் குத்துவாள், கால் அருகே மாடு இரண்டு. தலைக்கு மேலே எழுத்து.

அது வட்டெழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், இதோ முன் வரிசையில் இருக்கிறாரே, இந்த ஐயா கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். "உங்க ஊர்ல இப்படி எங்கயாவது பார்த்தா வந்து சொல்லுங்கப்பா" என்றும் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "டேய், வாயை மூடு. கல்லெழுத்து இருக்குன்னு வெளிய தெரிஞ்சா சர்க்கார் வந்து நிலத்தைப் புடிங்கிக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த இரண்டு ஏக்கரை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். நான் படித்தவன், அது தப்பான பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் பயம் வந்துவிட்டது. வாயை மூடிக் கொண்டேன். அத்தோடு போகவில்லை. மோட்டார் ரூம் கட்டிக் கொண்டிருந்தோம், வாசற்படிக்குக் கல் வேண்டும். அதை இரண்டாக உடைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று சொன்னது நான். அப்பா அல்ல. நான்தான் சொன்னேன். உளி வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். எழுத்தின் ஊடே பிளந்தது. கீழ்ப் பாதியை உருவம் அடியில் இருக்கும்படி கவிழ்த்துப் படியாகப் போட்டார்கள். மேல் பாதி கிணற்றுக்குள் சுவர் கட்டப் போய்விட்டது.

லீவு முடிந்து கல்லூரிக்கு வந்தேன். "என்னப்பா, ஏதாவது பார்த்தியா?" என்று ஐயா கேட்டார். இல்லை என்றேன்.

ஜம்பை செய்தி வந்தபோது குத்தின முள் இதுதான். ஒரே ஒரு வரிக் கல்வெட்டு நூறு வருஷச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. என் கிணற்றில் மூன்று வரி கிடக்கிறது.

1986-இல் இதே மாதிரி ஒரு பழைய மாணவர் கூட்டத்தில், சாப்பாட்டுப் பந்தியில், ஐயாவின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அப்பா அதற்குள் காலமாகிவிட்டார். இலையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஐயா திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "ஊர் எவ்வளவு தூரம்? வண்டி இருக்கா?" என்றார். அன்று சாயங்காலமே என்னுடைய டி.வி.எஸ். 50-இல் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டார்.

படியைப் பெயர்த்துப் புரட்டினோம். தண்ணீர் விட்டுத் தென்னை மட்டையால் தேய்த்துக் கழுவி, தாள் ஒட்டி, மை தொட்டு ஒற்றி மைப்படி எடுத்தார். உடைந்த விளிம்புக்குக் கீழே கடைசி வரி மட்டும் முழுசாக இருந்தது. "தொறு மீட்டுப் பட்டான் கல்." அதற்கு மேலே அரசன் பெயர், ஆண்டு, ஊர், ஆளின் பெயர் எல்லாம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உளி பட்ட தழும்பு. ஐயா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம், "பேரு போச்சு தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கிணற்றில் இறங்கித் தேடிப் பார்த்தோம். சுவரில் பூசிய சிமெண்டுக்குள் எந்தக் கல் எது என்று யார் சொல்ல முடியும்? பின்னால் தண்ணீர் அடியோடு வற்றி, போர் போட்டு, கிணற்றையும் மூடிவிட்டோம். அவன் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, மண்ணுக்குள்.

அகழ்வைப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார் ஐயா. அம்மா விடவில்லை. கல்லில் இருந்த ஆளை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தார். "இத்தனை வருஷம் இவரு முதுகு மேலயா நான் துணி தொவைச்சேன்?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கல்லைத் துடைத்தார். வரப்போரம் வேப்ப மரத்தடியில் நட்டு வைத்தோம். நம் பக்கத்தில் நிறைய நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் இல்லையா, அது மாதிரி இவரும் எங்கள் வீட்டு வேடியப்பன் ஆனார். அம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமை விளக்குத் தப்பியதில்லை.

இத்தாலியைப் பற்றி இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். அசிசி என்ற ஊரில் புனித பிரான்சிஸ் பெயரில் பெரிய கோயில். சுவரெல்லாம் 700 வருஷத்துக்கு முந்தைய ஓவியங்கள். 1997 செப்டம்பர் 26-இல் நிலநடுக்கம் வந்து மேல் விதானத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். ஓவியம் ஆயிரக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிவிட்டது. விரல் நகம் அளவு துண்டைக் கூட விடாமல் பொறுக்கி, பிரித்து, வண்ணம் பார்த்து ஒட்ட ஆரம்பித்தார்கள். 1999 நவம்பரில் கோயிலைத் திறந்துவிட்டார்கள், ஒட்டுகிற வேலை அதற்குப் பிறகும் நடந்தது. நம் தம்பி அந்தப் போட்டோவையும் காட்டினார். விதானத்தில் நடுநடுவே வெறும் பூச்சு தெரிகிறது. கிடைக்காத துண்டின் இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கொண்டிருந்ததால்தான், "நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பாதிப் பேருக்கு மேல் கிராமத்திலிருந்து வருகிறீர்கள். ரோடு அகலப்படுத்துகிறார்கள், பழைய வீட்டை இடித்து மாடி கட்டுகிறார்கள், ஜே.சி.பி. வந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். துவைக்கிற கல், மதகுப் பலகை, மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்த கல், இதையெல்லாம் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். உருவமோ எழுத்தோ இருந்தால் இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். சுண்ணாம்பு அடிக்காதீர்கள், ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். செல்போனில் நாலு படம் எடுத்து உங்கள் வரலாற்றுத் துறையில் காட்டுங்கள். நம் ஊர் அகழ்வைப்பகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம், கூட்டமே இருக்காது. வீட்டில் அப்பா பயந்தால், கல்லைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள், பட்டாவை இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

ஐயாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்குக் கோட்டைக் கோயில் வாசலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் வரலாம். அம்மன் சன்னதி அடித்தளத்தில் இராமாயணம் எந்த மூலையில் தொடங்குகிறது என்று அவரே காட்டுவதாகச் சொன்னார். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தொங்கும் தூணுக்குக் கீழே விட்டுப் பார்க்க ஆளுக்கு ஒரு கைக்குட்டையும் கொண்டு வாருங்கள்.